பக்கத்து நாற்காலி



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். 'கணவர் போய்விட்டார், பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பயமாக இருக்கிறது' என்று. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்தச் சகோதரிக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு வயது 68. கல்யாணமே ஆகாதவள். ஞாயிற்றுக்கிழமையைக் கண்டு நானும் ஒரு காலத்தில் பயந்தவள்தான். இப்போதோ, திங்கட்கிழமை காலையிலேயே அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று காலண்டரைப் பார்க்கிறேன். இடையில் என்ன நடந்தது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கடிதம்.

எங்கள் வீடு திருவல்லிக்கேணியில். அப்பா 1977ல் இறந்தார். அடுத்த வருஷமே எனக்கு ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அண்ணன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போய்விட்டார். எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். அவர்களுக்குப் பார்த்து, சீர் செய்து, தலை தீபாவளி முடித்து, நான் நிமிர்ந்து பார்த்தபோது என் ஜாதகம் பீரோவிலேயே மஞ்சள் பூத்துக் கிடந்தது. யார் மேலும் எனக்குக் குறை இல்லை. அம்மாவும் நானுமாக இருந்தோம். நிறைவாகத்தான் இருந்தோம்.

எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு ஆடம்பரம், நாடகம். மயிலாப்பூரில் ஒரு சபாவில் இரண்டு பேருக்கான அங்கத்தினர் கார்டு வாங்கி வைத்திருந்தோம். அம்மாவுக்கு ஆர்.எஸ். மனோகர் என்றால் உயிர். 'இலங்கேஸ்வர'னில் இடி இடிப்பதையும் மின்னல் வெட்டுவதையும் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே பேசுவாள். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980ல் மேடை ஏறியபோது ஓடிப்போய்ப் பார்த்தோம். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற அந்தக் கிராமத்துப் பெண்களைப் பார்த்து அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் விடியற்காலை எங்கள் தெரு அடிபம்பில் வரிசையில் நின்றபோது, "நம்ம கதையைத்தாண்டி நேத்து போட்டாங்க" என்றாள்.

1996 மார்ச்சில் அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது நாற்பது வயது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நான் நாடகத்துக்குப் போகவில்லை. ஆபீஸ், வீடு, கோயில் அவ்வளவுதான். சனிக்கிழமை மாலை ஆபீஸிலிருந்து வந்து கதவைச் சாத்தினால், திங்கட்கிழமை காலை திறக்கிறவரை யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. தொண்டை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே காய்கறிக்காரரிடம் பேரம் பேசியிருக்கிறேன்!

1997 அக்டோபரில் பறக்கும் ரயில் திருவல்லிக்கேணி வழியாகத் திருமயிலை வரை வந்தது. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். சிரிப்பு நாடகம். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அம்மாவிடம் ஏதோ சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

இடைவேளையில் கேன்டீனுக்குப் போனேன். "எத்தனை பேரும்மா?" என்று பரிமாறுகிறவர் கேட்டார். "ஒருத்தர்" என்றேன். நாலு பேர் உட்காருகிற மேஜையில் ஒருத்தியாக உட்கார்ந்தேன். ஒரு குடும்பம் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு என் இலையையே பார்த்தது. பாதி ரவா தோசையோடு எழுந்து வந்துவிட்டேன். தனியாக நாடகம் பார்ப்பதைவிடத் தனியாகச் சாப்பிடுவதுதான் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கார்டோ இரண்டு பேருக்கு. கட்டிய பணமும் இரண்டு பேருக்கு. ஒரு நாற்காலியைச் சும்மா விடுவானேன்?

எங்கள் வீட்டுக் கீழ் போர்ஷனில் ஒரு மாமி இருந்தார். என்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது மூத்தவர். கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகன், மருமகள், பேரன் எல்லோரும் உண்டு. ஆனால் மாமி வாசல் தாண்டி நான் பார்த்ததில்லை. மாடிப்படியில் நின்றபடியே, "மாமி, அடுத்த ஞாயிறு என்கூட நாடகத்துக்கு வரீங்களா? எனக்குத் துணை இல்லை" என்று கேட்டேன்.

மாமி திகைத்துப் போனார். "ஏண்டிம்மா, நானெல்லாம் வரலாமோ? நாலு பேர் என்ன சொல்வா?" என்றார்.

அதற்கு உள்ளேயிருந்து பதில் சொன்னது யார் தெரியுமா? மருமகள்தான். "அந்த நாலு பேரும் நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வேளை சமைச்சுப் போட்டதில்லையேம்மா. நீங்க போயிட்டு வாங்க. குழந்தையை நான் பார்த்துக்கறேன்" என்றாள். மருமகள்களைப் பற்றி இந்தப் பகுதியில் எத்தனையோ புகார் வருகிறது. இப்படியும் ஒருத்தி இருந்தாள் என்று பதிவு செய்ய விரும்புகிறேன்.

அன்றைக்கு மாமி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இடைவேளையில் ஒரு தட்டு அடை அவியலை இரண்டாகப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். "எத்தனை பேரும்மா?" என்று கேட்டவரிடம் "ரெண்டு பேர்" என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

இரண்டு பேர் மூன்றானோம். பிறகு ஆறானோம். எங்கள் தெருவிலேயே தனியாக இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த நர்ஸ், என் ஆபீஸ் டைப்பிஸ்ட், கடைசியாக எங்கள் எல்லோருக்கும் ஜாக்கெட் தைக்கிற அக்கா. இதில் கல்யாணமாகாதவர் இரண்டு பேர், கணவரை இழந்தவர் இரண்டு பேர், கணவர் விட்டுவிட்டுப் போனவர் ஒருவர். டைப்பிஸ்ட்டுக்கு மட்டும் கணவர் இருந்தார். அவருக்கு நாடகமே பிடிக்காது. "உங்க கோஷ்டியிலே நான் மட்டும்தான் வீட்டுல தனிமை" என்பாள் அவள். சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று உங்களில் பல பேருக்குத் தெரியும்.

ரயிலில் போவோம். ராத்திரி ஒன்பது மணிக்குப் பறக்கும் ரயில் ஸ்டேஷனில் ஆள் நடமாட்டம் இருக்காது. அதனால் திரும்பும்போது ஆட்டோ. மூன்று பேருக்கு ஒரு ஆட்டோ, முப்பது ரூபாய் என்றால் ஆளுக்குப் பத்து. ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு. ஆட்டோ, காபி, டிபன் எல்லாம் அதில் ஏறும். யாரும் யாருக்கும் தர்மம் செய்வதில்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக மனஸ்தாபம் வரவில்லை.

இன்னொரு விதியும் வைத்துக்கொண்டோம். வீடு போய்ச் சேர்ந்ததும் மாமி வீட்டுப் போனுக்கு இரண்டு ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிட வேண்டும். எடுக்க வேண்டியதில்லை. காசும் இல்லை. ரிங் வந்தால் 'பத்திரமாக வந்துவிட்டேன்' என்று அர்த்தம். வீட்டில் போன் இல்லாத அக்கா மட்டும் முனைக்கடையிலிருந்து கூப்பிடுவாள். நான் மாடியில்தானே இருக்கிறேன், நான் எதற்கு ரிங் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்" என்றார் மாமி. அந்த ரூல் பின்னால் என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கசப்பு. 1999ல் என் அண்ணன் மகளின் கல்யாணம். நான் தூக்கி வளர்த்த குழந்தை. மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு நானே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தட்டு தயார் செய்தேன். மாப்பிள்ளை வந்து வாசலில் நிற்கிறார். தட்டை எடுத்துக்கொண்டு இரண்டு அடி வைத்திருப்பேன். அண்ணி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "நீ இரு. சுமங்கலிங்க ரெண்டு பேர் எடுக்கட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் வலித்தது.

கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே ஏற்கெனவே மாமி உட்கார்ந்திருந்தார், அண்ணன் அழைத்ததால் வந்தவர். பக்கத்து நாற்காலியைத் தட்டி, "இங்க வா" என்றார். பிறகு காதோடு, "சபாவுல நம்மளை மூணாவது வரிசையில உக்கார வைக்கறான். இங்கதான் கடைசி வரிசை" என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

நாடகத்துக்குப் போவதைப் பற்றியும் உறவில் பேச்சு இருந்தது. "வயசான காலத்துல கோயில் குளம்னு இல்லாம, வாரா வாரம் என்ன கூத்து?" என்று அண்ணியே கேட்டிருக்கிறார். கோயிலுக்கும் போகிறேன். பார்த்தசாரதியும் கபாலீசுவரரும் எனக்கு இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். ஆனால் கோயிலில் அவரவர் குறையை அவரவர் சொல்லிவிட்டு வருகிறோம். நாடகத்தில் ஐந்நூறு பேரோடு சேர்ந்து சிரித்துவிட்டு வருகிறோம். இரண்டும் வேண்டியிருக்கிறது.

சும்மா சிரித்துவிட்டு மட்டும் வரமாட்டோம். டீச்சர் எங்களை விடமாட்டார். "எல்லா நாடகத்துலயும் பெண்டாட்டி ராட்சசி, மாமியார் பேய். நாமளும் உக்காந்து கைதட்டறோமே, ஏன்?" என்று ஒரு நாள் ஆட்டோவில் ஆரம்பித்தார். வீடு வரும்வரை விவாதம். கிரேஸி மோகன் தமது நாடகங்களின் கதாநாயகிகளுக்கு எப்போதும் ஜானகி என்றே பெயர் வைத்தார். பள்ளியில் தம்மை ஊக்கப்படுத்திய ஆசிரியையின் பெயர் அது. இது தெரிந்தபோது டீச்சருக்கு ஏற்பட்ட பெருமையைப் பார்க்க வேண்டுமே! "பார்த்தியா, ஒரு டீச்சரை நாப்பது வருஷம் ஞாபகம் வெச்சிருக்கார்" என்று தானே பரிசு வாங்கியது போல எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். 2019 ஜூன் 10ஆம் தேதி அவர் இறந்த செய்தி வந்தபோது, டீச்சர் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

சரி, ரூல் விஷயத்துக்கு வருகிறேன்.

2003, ஜூலை மாதம். ஞாயிற்றுக்கிழமை நாடகம் முடிந்து வந்து, மாமி கீழே போக, நான் மாடி ஏறினேன். கதவைத் தாளிட்டு, கால் கழுவக் குளியலறைக்குள் போனதுதான் தெரியும். தலை சுற்றியது. விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது காலை அசைக்க முடியவில்லை. கூப்பிட்டால் குரல் எழும்பவில்லை. 'திங்கட்கிழமை ஆபீஸில் தேடுவார்கள். அதற்குப் பிறகு யாராவது வரலாம்' என்று கணக்குப் போட்டேன்.

அரை மணி ஆகியிருக்காது. கதவு இடிபட்டது. எல்லோர் ரிங்கும் வந்துவிட்டது, என்னுடையது மட்டும் வரவில்லை என்று மாமி இரண்டு தடவை போன் செய்து பார்த்துவிட்டு, மகனை எழுப்பி மேலே அனுப்பிவிட்டார். தூக்கக் கலக்கத்தில் அவர், "மாடியிலதானேம்மா இருக்காங்க, தூங்கியிருப்பாங்க" என்றாராம். "தூங்கறவளா இருந்தாலும் ரெண்டு ரிங் கொடுத்துட்டுத்தான் தூங்குவா. போடா" என்றாராம் மாமி. தாழ்ப்பாளை நெம்பி உள்ளே வந்தார்கள். ராத்திரியே ஆஸ்பத்திரி. கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "நீங்க ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்பதுதான். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறையக்கூடாதாம். எனக்கு ஏழரை இருந்தது. வறுமையா? இல்லை. அரசாங்கச் சம்பளம். ஆனால் ஒருத்திக்காக என்ன சமைப்பது என்று திங்கள் முதல் சனி வரை மோர் சாதமும் ஊறுகாயும். ராத்திரி இரண்டு பிஸ்கட், ஒரு டீ. ஞாயிற்றுக்கிழமை சபா கேன்டீனில் சாப்பிடுவதுதான் வாரத்தில் ஒரே நல்ல சாப்பாடு.

சகோதரிகளே, தனியாக இருக்கிறவர்கள் செய்கிற பெரிய தவறு இதுதான். ஒரு கட்டுக் கீரை வாங்கினால் ஒருத்திக்கு அதிகம், வீணாகிவிடும் என்று வாங்குவதையே விட்டுவிடுகிறோம். பருப்பு உருண்டைக் குழம்பை யாராவது ஒரு ஆளுக்காக வைப்பார்களா? வீட்டில் உள்ள இல்லத்தரசிகளும் இதே தவறைத்தான் செய்கிறீர்கள். அவர் ஊரில் இல்லை, பிள்ளைகள் ஹாஸ்டலில் இருக்கிறார்கள் என்றால், அன்றைக்கு அடுப்பே எரிவதில்லை. நமக்காகச் சமைத்துக்கொள்வது நமக்குப் பழக்கமே இல்லை.

கட்டுப்போட்ட காலோடு நான் படுத்திருந்த ஆறு வாரமும் மாமி வீட்டிலிருந்தும், டீச்சர் வீட்டிலிருந்தும், நர்ஸ் வீட்டிலிருந்தும் முறை வைத்துச் சாப்பாடு வந்தது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நான் ஒரு யோசனை சொன்னேன். ஒரே தெருவில் தனித்தனியாக மூன்று அடுப்பு எரிகிறது. மூன்றிலும் அரைகுறைச் சமையல். சாதத்தை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்வோம். குழம்பு ஒருவர், பொரியலோ கூட்டோ ஒருவர், ரசம் ஒருவர். மூன்று பங்காகச் செய்து, எவர்சில்வர் தூக்கில் போட்டு, காலை எட்டு மணிக்குள் மாற்றிக்கொள்வோம். வாரத்துக்கு வாரம் முறை மாறும்.

அன்றிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரை மூன்று வீட்டுக்குச் சரியாகப் போனது. அரைக் கிலோ வெண்டைக்காய் ஒரே வேளையில் தீர்ந்தது. டீச்சர் வைக்கிற குழம்பில் தேங்காய் தாராளமாக இருக்கும். நர்ஸ் கறி, மீன் சாப்பிடுகிறவர். பொதுத் தூக்கில் சைவம் மட்டுமே என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக் கேக் மட்டும் எல்லோருக்கும் உண்டு. மாமிக்காக முட்டை போடாமல் தனியாக ஒன்று செய்வார். மாமிக்கு ஏகாதசி, அமாவாசை என்றால் வெங்காயம், பூண்டு கிடையாது. இதெல்லாம் ஒரு தாளில் எழுதி மூன்று வீட்டு அடுக்களையிலும் ஒட்டியிருந்தோம். ஆறு மாதத்தில் என் ஹீமோகுளோபின் பதினொன்றைத் தாண்டியது. மாத்திரையும் சாப்பிட்டேன், மறுக்கவில்லை. ஆனால் மாத்திரை மட்டும் என்றால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்று டாக்டரம்மாவே சொன்னார்.

மாதம் ஒரு ஞாயிறு நாடகத்துக்குப் பிறகு ஆறு பேருக்கும் ஒருவர் வீட்டில் சாப்பாடு. ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கி வரக்கூடாது, இரண்டு செய்து பெருமை காட்டக்கூடாது. மருமகள் பேச்சு பத்து நிமிஷத்துக்கு மேல் கூடாது. கடைசி விதியை மட்டும் இதுவரை ஒருநாளும் காப்பாற்ற முடியவில்லை!

2014ல் நான் ரிடையர் ஆனேன். எல்லோரும் பயமுறுத்தியது போல வீடு வெறிச்சோடிப் போகவில்லை. காலை எட்டு மணிக்குத் தூக்கு, ஞாயிறு மாலை நாடகம். கோடை நாடக விழா வந்தால் தினம் தினம் கொண்டாட்டம்.

பிறகு 2020 மார்ச் வந்தது. சபாக்கள் மூடின. தூக்கு மாற்றுவதும் நின்றது. அப்போது என்ன செய்தோம் தெரியுமா? பகல் சரியாகப் பன்னிரண்டரை மணிக்குச் செல்போனில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவோம். ஸ்பீக்கரில் போட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். அவரவர் என்ன சமைத்தோம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவோம். நாலு பேர் கேட்பார்கள் என்பதற்காகவே மோர் சாதத்தோடு நிறுத்தாமல் ஒரு பொரியலாவது செய்தோம். பழைய நாடக வசனங்களை டீச்சர் நடித்துக்காட்டுவார்.

2021 மே மாதம் மாமி போய்விட்டார். அந்த அலையில்தான். ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாள். இருபத்து நாலு வருஷம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர். முகம்கூடப் பார்க்க முடியவில்லை. மறுநாள் ராத்திரி தூங்கப் போகும்போது என்னையறியாமல் மாமி வீட்டுப் போனுக்கு இரண்டு ரிங் கொடுத்தேன். மூன்றாவது ரிங்கில் மருமகள் எடுத்துவிட்டாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். இன்று வரை அவள்தான் எங்கள் எல்லோர் ரிங்கையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

சபாக்கள் மறுபடி திறந்தபோது எனக்குப் போகவே மனசில்லை. டீச்சர்தான் அதட்டினார். "மாமி இருந்தா ரூல்னா ரூல்னு சொல்லியிருப்பா. அந்த நாற்காலியை காலியா விடறதுதான் நீ அவளுக்குச் செய்யற மரியாதையா?" என்றார்.

எங்கள் தெரு லேடீஸ் ஹாஸ்டலில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வயது முப்பது இருக்கும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆர்டர் செய்த சாப்பாட்டைப் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டு, செல்போனைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அவளிடம், "ஏம்மா, ஞாயித்துக்கிழமை என்னோட நாடகத்துக்கு வரியா? எனக்குத் துணை இல்லை" என்றேன். மாமியிடம் கேட்ட அதே கேள்வி. "நாடகமா? நான் பார்த்ததே இல்லையே ஆன்ட்டி" என்றாள். இப்போது டிக்கெட் எடுப்பது, நேரம் பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால், போகும்போது செலவும் மிச்சம்.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய விஷயம் இன்னொன்று. என் அண்ணன் 2022ல் தவறிவிட்டார். அண்ணி நங்கநல்லூரில் மகன் வீட்டில் இருக்கிறார். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். போன மாதம் ஒரு மத்தியானம் அண்ணி போன் செய்தார். ஏதேதோ பேசினார். வெயிலைப் பற்றி, முட்டிவலியைப் பற்றி. வைக்கப் போகிற நேரத்தில், "நீங்கல்லாம் ஞாயித்துக்கிழமை நாடகத்துக்குப் போறீங்களே... எனக்கும் ஒரு டிக்கெட் எடுப்பியா?" என்றார்.

பொய் சொல்லமாட்டேன். ஒரு நிமிஷம் அந்த ஆரத்தித் தட்டு கண்ணில் வந்து நின்றது. 'சுமங்கலிங்க ரெண்டு பேர் வரட்டும்' என்று சொன்ன குரல் காதில் கேட்டது. பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தக் 'கூத்து' என்ற வார்த்தையைச் சொன்ன அண்ணி, இன்று என்னிடம் இதைக் கேட்பதற்கு எத்தனை நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருப்பார்? கடைசி வரிசையில் உட்கார்ந்தவளுக்குத்தான் அது தெரியும்.

"டிக்கெட் எதுக்கு அண்ணி? என் கார்டுல ரெண்டு சீட் இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தயாரா இருங்க. அப்புறம், ஒரு பதார்த்தம் செஞ்சு கொண்டு வரணும். ரெண்டு கூடாது" என்றேன்.

அண்ணி தேங்காய் சாதம் கொண்டுவந்தார். ராத்திரி வீடு போய்ச் சேர்ந்ததும், சொல்லிக்கொடுத்தபடி இரண்டு ரிங்கும் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தெருவிலேயே உங்களைப் போல இன்னொருத்தி, கூப்பிட ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பாள். நாடகம் இல்லாத ஊராக இருக்கலாம். அதனால் என்ன? சினிமா, கதாகாலட்சேபம், கோயில் உற்சவம், கடற்கரை, ஒன்றுமில்லாவிட்டால் மொட்டை மாடியில் நிலாச் சோறு. "வரீங்களா?" என்று கேட்பதற்கு முன் "எனக்குத் துணை இல்லை" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். தயங்குகிறவர்களும் அதற்காக வந்துவிடுவார்கள்.

குடும்பத்தோடு நிறைவாக இருக்கிற சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு, கல்யாணமாகாத அத்தையோ, கணவரை இழந்த சித்தியோ வந்தால் கடைசி வரிசையில் விட்டுவிடாதீர்கள். பக்கத்து நாற்காலியைத் தட்டி, "இங்க வாங்க" என்று சொல்லுங்கள். இன்றைக்கே, வரவேண்டிய ரிங் ஒன்று வராமல் இருக்கிறதா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன்!

- உங்கள் சகோதரி,
திருவல்லிக்கேணி, சென்னை-5.